பல் நிற அடைப்பு பழுப்பேறினால் தோண்டித்தான் ஆக வேண்டுமா?

காவிரிக்கரை (மயிலாடுதுறை) எழுதியது:

கல்லூரி நாட்களில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பற்கள் இரண்டின் நுனியும் உடைந்துவிட்டது. பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி, ஒட்டு வைத்ததே தெரியாமல் சரிசெய்து கொடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது இரண்டும் இரண்டு விதமாக இருக்கின்றன. வலப்பக்கத்தில் அடைப்பு முழுவதும் பொலிவிழந்து பழுப்பேறிக் கிடக்கிறது. இடப்பக்கத்தில் அடைப்பின் நிறம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது பல்லோடு சேரும் இடத்தில் சுற்றிலும் மெல்லிய பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது.

வலி இல்லை, கூச்சமும் இல்லை. ஒரு மருத்துவர், "இந்தப் பொருளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இரண்டு பல்லையும் செதுக்கி செராமிக் கேப் போட்டுவிடலாம்" என்கிறார். இன்னொருவர், "கேப் எதற்கு? பாலிஷ் போட்டால் போதும்" என்கிறார். செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தை மாதம் தம்பிக்குத் திருமணம், அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

தட்டிக்கேட்பவன் (நாகப்பட்டினம்) எழுதியது:

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். என் தாத்தாவுக்குத் திருச்சியில் வெள்ளி அடைப்பு வைத்தார்கள். கடைசி வரை அவரோடு இருந்தது. இப்போது வைப்பதெல்லாம் மஞ்சளாகிவிடுகிறது, உடனே அடுத்த செலவுக்கு ஆள் தயார். மஞ்சளாகும் என்று தெரிந்தே வைக்கிற பொருளுக்குப் பெயர் வைத்தியமா வியாபாரமா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

கடைவாய்ப்பல் (திருவாரூர்) எழுதியது:

நான் பல் மருத்துவர். கோபித்துக்கொள்ளப் போவதில்லை ஐயா. உங்கள் தாத்தாவின் வெள்ளி அடைப்பு கடைவாயில் இருந்திருக்கும். அதை முன்பல்லில் வைத்துக்கொண்டு அவர் கல்யாண வீட்டில் சிரித்திருக்க மாட்டார்.

காவிரிக்கரை தம்பிக்கு வருகிறேன். நிறம் மாறிவிட்டது என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது, மாறியது அடைப்பா பல்லா என்பதைத்தான். வயது ஏற ஏற மேலே எனாமல் தேய்ந்து மெலிகிறது. உள்ளே டென்டின் தடித்துக்கொண்டே போகிறது. டென்டினின் இயல்பான நிறமே மஞ்சள் என்பதால் பல் மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. முப்பது வயதில் ஒப்பிட்டுப் பார்த்து வைத்த அடைப்பு, ஐம்பது வயதில் பல்லைவிட வெளுப்பாகத் தனித்துத் தெரியும். அடைப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

உங்களுடையது அடிபட்ட பல். அது இன்னொரு சிக்கல். அடிபட்ட பல்லின் நரம்புக்குழி சில ஆண்டுகளில் சுண்ணமேறிக் குறுகிப்போவதுண்டு. அப்படிப்பட்ட பல் வெளியே மஞ்சளாகத் தெரியும். நரம்பு செத்துப்போயிருந்தால் சாம்பல் நிறம் தட்டும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எக்ஸ்ரே எடுக்கும் வரை பாலிஷும் வேண்டாம், கேப்பும் வேண்டாம்.

மாறியது அடைப்புதான் என்று உறுதியானால், எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாகிக் கறை பிடித்திருந்தால் நுண்ணிய வட்டத்தகடுகளாலும் பசையாலும் மெருகேற்றினால் பெரும்பாலும் போய்விடும். உங்கள் வலப்பல் இந்த வகையாக இருக்கலாம்.

ஓரத்தில் விழும் கோட்டின் கதை வேறு. இந்தப் பசை விளக்கு பட்டு இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. சுருங்கும்போது விளிம்பில் எங்காவது பிடி தளரும். கடிக்கும் அழுத்தம், சூடு, குளிர் எல்லாம் சேர்ந்து அந்த மயிரிழை இடைவெளியை அகலப்படுத்தும். காப்பியும் குழம்பும் அங்கே போய்த் தங்கும். பழுப்புக் கோட்டைப் பார்த்ததும் "உள்ளே சொத்தை" என்று தோண்டுவது பழைய பழக்கம், இன்னும் பலரை விடவில்லை. கோடு இருந்தாலே சொத்தை என்று பொருளில்லை. ஓரத்தில் பல் மென்மையாகியிருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, படத்தில் நிழல் தெரிகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த ஓரத்தை மட்டும் லேசாகத் திறந்து புதுப் பசை வைத்து மூடலாம்.

அடைப்பு முழுவதும் ஆழமாக நிறம் மாறியிருந்தால்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு. அப்போதும் எனக்குத் தயக்கம் உண்டு. அடைப்பு பல் நிறத்திலேயே இருப்பதால், தோண்டும்போது எது பசை, எது பல் என்று பிரித்தறிவது கடினம். ஒவ்வொரு முறையும் நல்ல பல் கொஞ்சம் சேர்ந்து போய்விடுகிறது. முழு கேப் என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே தெரியும் பல்லில் 60 சதவீதத்துக்கு மேல் செதுக்கி எறிய வேண்டியிருக்கும். நுனி மட்டும் உடைந்த இளம்வயதுப் பல்லுக்கு இது அதிகப்படி என்பது என் கருத்து.

சோதனைக்குழாய் (தஞ்சாவூர்) எழுதியது:

பல் என் துறையில்லை, பிசின்கள் என் துறை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அடைப்பு ஏன் நிறம் மாறுகிறது என்பதைப் பிசினின் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மைக்கேல் புவோனோகோர் 1955-இல் அமிலம் தொட்டு எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். ராஃபேல் போவன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினில் சிலிக்காத் துகளைக் கலந்த கலவைக்கு 1962-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய காம்போசிட் அடைப்புகளில், அதாவது உங்களுக்கு வைத்தது போன்ற பல் நிறப் பசைகளில், பெரும்பாலானவை இந்த இரண்டின் வாரிசுகள். பிசின், அதற்குள் கண்ணாடி அல்லது சிலிக்காத் துகள், இரண்டையும் இணைக்கும் சிலேன், இறுகத் தொடங்கிவைக்கும் பொருள், இவ்வளவுதான் உள்ளே இருப்பது.

தொடங்கிவைக்கும் பொருள் பெரும்பாலும் கேம்ஃபர்குவினோன். பெயரில் இருப்பது நம் கற்பூரம்தான். அது நல்ல மஞ்சள் நிறத் தூள். சுமார் 468 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி வேலை செய்கிறது, செய்து முடித்தால் அதன் மஞ்சளும் வெளுத்துவிடும். விளக்கு போதிய நேரம் காட்டப்படவில்லை, அல்லது முனை தள்ளிப் பிடிக்கப்பட்டது, அல்லது 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காக அப்பினார்கள் என்றால் மஞ்சள் மிச்சமிருக்கும். இறுகாத மூலக்கூறுகளும் மிச்சமிருக்கும். நன்றாக விளக்கு காட்டினாலும்கூட, பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள உதவும் இரட்டைப் பிணைப்புகளில் 50 முதல் 70 சதவீதம் வரைதான் மாறுகின்றன. சரியாகக் காட்டாவிட்டால் எவ்வளவு குறையும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அதோடு, இறுகுவதற்குத் துணையாக அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் ஒன்றைச் சேர்ப்பார்கள். நாள்பட அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும். விளக்கில்லாமல் இரண்டு பசைகளைக் குழைத்து இறுகவைக்கும் பழைய வகையில் இந்த அமீனின் தொல்லை கூடுதல். அவை உள்ளிருந்தே மஞ்சளாகும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பிறகு தண்ணீர். பிசின் மெல்ல நீரை உறிஞ்சும், கூடவே சாயத்தையும் உள்ளே விடும். காப்பிக்கும் தேநீருக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. தேநீர்க் கறை பெரும்பாலும் மேலேயே படிகிறது, துலக்கினால் பெருமளவு போய்விடும். காப்பியின் மஞ்சள் நிறமிகள் சில பிசினோடு ஒத்துப்போகிறவை, உள்ளே இறங்கிவிடும். சமையல் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் எண்ணெய்ப் பக்கம் சாயும் பொருள்தான், பிசினை எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெளிச்சத்தில் வெளுக்கும். துணியில் பட்ட சாம்பார்க் கறையை வெயிலில் போட்டு எடுப்பது இதை நம்பித்தான்.

ஒளிப்பெட்டி (பட்டுக்கோட்டை) எழுதியது:

கல்யாண வீடியோ எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? மாப்பிள்ளையின் ஒரு பல் மட்டும் படத்தில் மங்கலாக விழுந்து, "உங்கள் கேமரா சரியில்லை" என்று சண்டைக்கு வந்த வீடுகள் உண்டு. நேரில் பார்த்தால் பல் நன்றாகத்தான் இருக்கும். குழல்விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் எல்.இ.டி. வெளிச்சத்தில் வேறுவேறாகத் தெரியும். துணிக்கடையில் எடுத்த ரவிக்கைத்துணி வீட்டு வாசலில் சேலையோடு பொருந்தாமல் போவதும் இப்படித்தான்.

வரவேற்பு மேடையில் ஊதா விளக்கு போடுகிறார்களே, அங்கே நிலைமை இன்னும் மோசம். இயற்கைப் பல் நீலவெண்மையாக ஒளிரும். சில பழைய அடைப்புகள் ஒளிராமல் அந்த இடத்தில் பல்லே இல்லாதது போல் இருட்டாக விழும். காவிரிக்கரை அண்ணா, என்ன செய்தாலும் தை மாதம் மேடைக்காரரிடம் அந்த விளக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

கடைவாய்ப்பல் எழுதியது:

ஒளிப்பெட்டி சொல்வது முழு உண்மை. பற்கள் ஒளிரும் தன்மையைப் புதிய பசைகளில் சேர்க்கிறார்கள். ஆனால் நாள்பட அதுவும் குறைகிறது.

அதனால்தான் நிறம் தேர்ந்தெடுப்பதைப் பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே, வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டும். வாயைத் திறந்துவைத்துப் பல்லைக் காயவிட்டால் அது வெளுத்துவிடும். காய்ந்த பல்லுக்குப் பொருத்தமாகப் பசையைத் தேர்ந்தெடுத்தால், பல் மறுபடி ஈரம் பிடித்ததும் அடைப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். வைத்த அன்றே பொருந்தாத அடைப்பை "மாறிவிட்டது" என்று பிறகு சொல்வதில் நியாயமில்லை. மாறவில்லை, முதலிலேயே அப்படித்தான்.

குறுவை (மன்னார்குடி) எழுதியது:

இதெல்லாம் பேஸ்ட் போட்டுத் துலக்குகிறவர்களின் கவலை. எங்கள் வீட்டில் இன்றும் உமிக்கரியும் கல்லுப்பும்தான். அரவை ஆலையிலிருந்து உமி வாங்கிக் கரித்து இடித்து வைத்துக்கொள்வோம். என் பற்கள் எல்லாம் வெண்மையாகத்தான் இருக்கின்றன. ஒரேயொரு அடைப்பு மட்டும் சீக்கிரம் மங்கிவிட்டது, அது மருத்துவர் போட்ட சரக்கின் தரம்.

சோதனைக்குழாய் எழுதியது:

குறுவை ஐயா, தரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் உமியைப் பற்றித் தெரியும். நெல் தன் உமியில் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை சிலிக்காவைச் சேர்த்துவைக்கிறது. கரித்தால் கரியம் எரிந்து அந்த விகிதம் கூடும். அடைப்பில் இருக்கும் பிசின் எனாமலைவிட மென்மையானது. தினமும் சிலிக்காத் துகளால் தேய்த்தால் பிசின் முதலில் அரிபடும், உள்ளே பதிந்த கண்ணாடித் துகள்கள் துருத்திக்கொண்டு நிற்கும், சில உதிர்ந்து பள்ளம் விழும். அந்த மேடுபள்ளத்தில் கறை தங்குகிறது, மெருகும் போகிறது. இயற்கைப் பல்லும் தேய்கிறது, ஆனால் அது வெளியே தெரியச் சில காலம் ஆகும்.

குறுவை எழுதியது:

என் பாட்டி தொண்ணூறு வயதிலும் கரும்பு கடித்தார். உமிக்கரிதான்.

கடைவாய்ப்பல் எழுதியது:

பாட்டிக்கு அடைப்பு இருந்திருக்காது ஐயா. அடைப்பு உள்ளவர்கள் உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கல்தூள், கடையில் விற்கும் 'வெண்மையாக்கும்' கரிப்பசை எல்லாவற்றையும் விட்டுவிடுவது நல்லது. இதில் பழையது புதியது என்ற பேதமில்லை.

கொடிக்கால் (ராஜகிரி பக்கம்) எழுதியது:

எங்களுடையது வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அப்பா விழித்திருக்கும் நேரமெல்லாம் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. ஈறோரத்தில் பல் தேய்ந்த இடங்களில் வெள்ளையாக அடைத்திருந்தார்கள். இப்போது செங்கறுப்பாகிவிட்டது. கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் சங்கடப்படுகிறார். வீட்டிலேயே ப்ளீச்சிங் செய்துகொள்ளும் பசை விளம்பரம் பார்த்தேன், வாங்கிக் கொடுக்கலாமா மருத்துவரே?

கடைவாய்ப்பல் எழுதியது:

வாங்க வேண்டாம் அம்மா. ப்ளீச்சிங் பல்லைத்தான் வெளுக்கும், அடைப்பின் அடிநிறத்தை வெளுக்காது. பல் வெளுத்து அடைப்பு அப்படியே இருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஈறோரத்து அடைப்பு பெரும்பாலும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டாக இருக்கும். அதில் காம்போசிட் அளவுக்கு மெருகு நிற்காது. பாக்கின் டானின் சுண்ணாம்பின் காரத்தில் சிவந்து அந்தச் சொரசொரப்பில் ஏறிக்கொள்கிறது. மேலே படிந்ததைச் சுத்தம் செய்து மெருகேற்றலாம். ஆனால் பாக்கு நிற்காமல் எதுவும் நிற்காது.

நிறத்தைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன். அப்பாவால் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடிகிறதா? காரமாகச் சாப்பிட்டால் கன்னத்துக்குள் எரிகிறதா? பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். கன்னத்தின் உள்தோல் தடித்து வாய் திறக்க முடியாமல் போவது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். கறைக்காக அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், வாயையும் சேர்த்துப் பார்த்துவிடட்டும்.

அரசலாறு (காரைக்கால்) எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆறு வயது மகளுக்கு அந்த அயனோமர் சிமென்ட்தான் வைத்தார்கள். வைத்ததிலிருந்தே சுண்ணாம்பு அப்பியது போல் வெள்ளையாக, பல்லோடு சேராமல் தெரிகிறது. மாற்றச் சொல்லலாமா?

கடைவாய்ப்பல் எழுதியது:

வேண்டாம். அந்தச் சிமென்ட் ஒளியை அதிகம் உள்ளே விடாது, ஆகவே பல் போலத் தெரியாது. பதிலுக்கு ஃபுளோரைடைக் கசியவிடுகிறது. வேதிமுறையில் பல்லோடு தானே ஒட்டுவதால், எச்சில் ஊறும் குழந்தை வாய்க்குத் தோது. வில்சன், கென்ட் என்ற இரு இங்கிலாந்து வேதியியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட பொருள், இன்றும் குழந்தைகளுக்கு நல்ல துணை. அது பால்பல்லாக இருந்தால் எப்படியும் விழத்தான் போகிறது.

தட்டிக்கேட்பவன் எழுதியது:

எல்லாம் சரி. "மாறியிருக்கிறது", "பரவாயில்லை" என்பதை யார் அளக்கிறார்கள்? மருத்துவர் கண்ணா, நோயாளி கண்ணா?

சோதனைக்குழாய் எழுதியது:

நல்ல கேள்வி. கருவி வைத்து அளக்கலாம். இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை டெல்டா இ என்ற எண்ணால் குறிப்பார்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வேறுபாடு தெரியத் தொடங்கும் எல்லை 1.2, பாதிப் பேர் "பரவாயில்லை" என்று ஒத்துக்கொள்ளும் எல்லை 2.7 என்று பல் மருத்துவத்துக்கான ஐஎஸ்ஓ 28642 வழிகாட்டி சொல்கிறது. புதிய பசைகளை ஆய்வகத்தில் வேகமாக முதுமையடையச் செய்து பார்ப்பார்கள். 5 பாகைத் தண்ணீரிலும் 55 பாகைத் தண்ணீரிலும் மாறி மாறி முக்குவார்கள், செனான் விளக்கு காட்டுவார்கள், காப்பியில் ஊறவைப்பார்கள். 10,000 முக்கல் ஏறத்தாழ ஓராண்டுக்குச் சமம் என்று 1999-இல் முன்வைத்த கணக்கைப் பலர் பின்பற்றுகிறார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஆய்வகக் குடுவையில் எச்சில் இல்லை, துலக்குவது இல்லை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் டிகிரி காப்பி குடிக்கும் கும்பகோணத்து மாமாவும் இல்லை. எந்தப் பசை எதைவிட மேல் என்று ஒப்பிட உதவும், உங்கள் வாயில் எத்தனை ஆண்டு என்று சோதிடம் சொல்ல உதவாது.

மட்டுறுத்துநர்:

எந்தக் கம்பெனிப் பசை நல்லது என்று கேட்டு வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மருத்துவமனைப் பெயர் சொல்லித் திட்டிய ஒரு பதிவும் போய்விட்டது.

காவிரிக்கரை எழுதியது:

நன்றி. சிதம்பரத்துக்குப் போய்ப் பல் மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு வந்தேன். எக்ஸ்ரேயில் வலப்பல்லின் நரம்புக்குழி குறுகியிருக்கிறது, வேர் நுனியில் நோய் எதுவுமில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். அந்தப் பல்லின் மஞ்சளில் ஒரு பங்கு அடைப்பினுடையது இல்லை, பல்லினுடையதுதான். மேலே மெருகேற்றியதும் அடைப்பின் பழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பக்கத்துப் பல்லைவிட இன்னும் ஒரு சாயல் மஞ்சள்தான். இடப்பல்லில் கோடு இருந்த ஓரத்தை மட்டும் திறந்து புதிதாக வைத்திருக்கிறார்கள். சொத்தை இல்லை. அம்மாவுக்குத் திருப்தி இல்லை, "இவ்வளவு தூரம் போனாயே, இரண்டையும் ஒரே வெள்ளையாக ஆக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா" என்கிறார். எனக்குப் போதும்.

தட்டிக்கேட்பவன் எழுதியது:

இதுவும் எத்தனை நாளைக்கு?

கடைவாய்ப்பல் எழுதியது:

உத்தரவாதம் தர மாட்டேன் ஐயா, தருகிறவரை நம்பவும் வேண்டாம். மெருகு மங்கும், மறுபடி ஏற்றலாம். தம்பி, குளோரெக்ஸிடின் கலந்த வாய்க்கழுவியை யாராவது எழுதிக்கொடுத்தால் சொன்ன நாளுக்கு மேல் கொப்பளிக்காதீர்கள், அது பழுப்பேற்றும். இரும்புச்சத்து டானிக் என்றால் உறிஞ்சுகுழலில் குடித்து வாய் கொப்பளியுங்கள்.

இன்னொன்று, வைத்த பசையின் பெயர், நிற எண், தேதி மூன்றையும் சிகிச்சை அட்டையில் எழுதி வாங்கினீர்களா? அடுத்த முறை ஒட்டுப்போடுபவருக்கு அது பெரிய உதவி.

காவிரிக்கரை எழுதியது:

வாங்கினேன். "ஏ3" என்று எழுதியிருக்கிறது. கல்லூரி நாளில் வைத்தபோது அட்டையே தரவில்லை.

கடைவாய்ப்பல் எழுதியது:

ஏ என்பது செம்பழுப்புச் சாயல் கொண்ட வரிசை, எண் கூடக் கூட அடர்த்தி கூடும். வழக்கமான அட்டவணையில் ஏ முதல் டி வரை மொத்தம் 16 நிறங்கள் உண்டு. உங்கள் பற்களே இப்போது ஏ3 பக்கம் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்த முடியுமா என்பது உங்கள் திறமை.